இருட்டாக இருக்க வேண்டிய தட்டு

பைக்கிலிருந்து விழுந்ததில் என் வலது தோளில் நரம்பு அறுந்துபோனது. கை அசைவில்லாமல் கோட்டுப் பைக்குள் கிடக்கிறது. நான் முடி வெட்டுகிறவன். இடது கையால் வெட்டிப் பார்த்தேன்; வாடிக்கையாளர் காதைப் பொத்திக்கொண்டார்.

டாக்டர் அப்போதே சொன்னார்: "விலா நரம்புல ஒண்ண எடுத்து இதுல இணைச்சுடலாம். ஆனா தள்ளிப் போடாதீங்க. நரம்பு வராம கிடந்தா தசை செத்துடும்."

தள்ளிப் போட வைத்தது அக்கா. நரம்பு செல்லுக்குள் ஒரு புரதம் இருக்கிறதாம். அது பெருகினால் அறுந்த இழை மறுபடி நீளுமாம். அதைப் பெருக்குகிற மருந்துதான் அவளுடைய ஆராய்ச்சி. "வெட்டி ஒட்டிட்டா இந்த மருந்துக்கு உன்னை எடுத்துக்க மாட்டாங்கடா. கொஞ்சம் பொறு" என்றாள். ஒரு வருஷத்துக்கு மேல் பொறுத்தேன். படித்தவள், என்னைத் தூக்கி வளர்த்தவள், வேறு யாரை நம்புவேன்?

இன்று ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொன்னாள். மருந்து போட்ட நரம்பு செல்கள் இருந்த கண்ணாடித் தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்; நான் கண்ணை வைத்தேன். இருட்டில் பச்சைப் பச்சையாக இழைகள். அந்தப் புரதம் இருக்கிற இடத்தில் மட்டும் சாயம் ஒட்டிப் பச்சையாக மின்னும் என்று முன்பே சொல்லியிருந்தாள். தட்டை மாற்றினாள். அதிலும் அதே பச்சை.

"இது எந்த மருந்து?"

"மருந்து இல்ல. இந்த செல்லுல அந்தப் புரதமே கிடையாது."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அடேயப்பா! புரதமே இல்லாம இவ்வளவு வந்திருக்கா? அப்ப எனக்கும் வந்துடும்ல?"

அவள் சிரிக்கவில்லை. "இது இருட்டா இருக்கணும்டா. சாயம் கண்ட இடத்துல ஒட்டியிருக்கு. இந்தத் தட்டை நான் முதல்லயே வச்சுப் பாத்திருக்கணும், அவசரத்துல விட்டுட்டேன். அப்ப மருந்து போட்ட தட்டுல தெரிஞ்ச பச்சையும் பொய்தான், புரதம் பெருகவே இல்ல. மருந்து வேலை செய்யல."

ஆனாலும் சமாளித்துக்கொண்டேன். "சரி விடு. டாக்டருக்குப் போனைப் போடு. நாளைக்கே ஆபரேஷன் பண்ணிக்கறேன்."

அவள் போனை எடுக்கவில்லை.

"போடுக்கா!"

"போன வாரம் தசை எப்படி இருக்குன்னு ஊசி குத்திப் பாத்தாங்கல்ல... இனிமே நரம்பை இணைச்சும் பிரயோஜனம் இல்லன்னு டாக்டர் என்கிட்ட சொல்லிட்டாரு. இந்த மருந்து இருக்கேன்னு நம்பி, நான்தான் உன்கிட்ட மறைச்சுட்டேன்."

அவளை அறைய வேண்டும் போல வெறி வந்தது. என் வலது தோளை உலுக்கினேன். கை பையை விட்டு வரவில்லை. அக்கா கண்ணை மூடி, கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். அடி விழவில்லை என்றதும் கண்ணைத் திறந்து, என் கோட்டுப் பையைப் பார்த்துவிட்டு, வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.