சிவப்பு வண்டியை ஓட்டியவர்

மனிதகுலத்தைப் பிரித்து வைத்திருக்கும் வேற்றுமைகளிலேயே கொடியது, முதல் ஆட்டக்காரர், இரண்டாம் ஆட்டக்காரர் என்ற வேற்றுமைதான். அதை எங்கள் வீட்டு மாடி அறையில், ஒரு ஷூ டப்பாவுக்குள் வைத்து, என் அண்ணன் ஒழித்துவிட்டான்.

இந்தத் தகவலை உலகுக்கு அறிவித்ததும் அவன்தான். சாப்பிடும்போது எச்சில் கையை உயர்த்தி அறிவித்தான். எங்களில் யாரும் மறுத்துப் பேசவில்லை. எல்லோர் வாயிலும் சாப்பாடு இருந்தது.

அந்த ஷூ டப்பாவுக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. நாங்கள் பிறப்பதற்கு முன்பே வயதாகிப்போன வீடியோ கேம்கள் எல்லாம் அதில் ஓடும். சூடாகாமல் இருக்க மூடியில் ஓட்டைகள் போட்டிருந்தான். எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள என்ன வளக்கிறீங்க?" என்று விசாரித்தார்.

டப்பாவிலிருந்து வரும் வயர்களின் முனையில் நான்கு கன்ட்ரோலர்கள். ஒன்று, நண்பனிடம் இரவல் வாங்கி, இரவல் என்பதை இருவருமே மறந்துவிட்டது. ஒன்று, அண்ணனே ஒரு மரப்பெட்டியில் அழைப்புமணி ஸ்விட்சுகளைப் பதித்துச் செய்தது. அதை அழுத்தினால் மணி அடிக்காது. ஆனாலும் அப்பா வாசலைத் திரும்பிப் பார்ப்பார். மீதி இரண்டும் பழைய சாமான் கடையில் எடுத்த இரட்டைப் பிள்ளைகள். ஒரே கறுப்பு, ஒரே கனம். பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது.

வம்பே அங்கேதான். ஒவ்வொரு முறை ஸ்விட்சைப் போடும்போதும் கம்ப்யூட்டர், பந்திக்கு முந்தியவனுக்கு முதல் இலை என்கிற கணக்கில், கண்ணில் முதலில் பட்ட கன்ட்ரோலருக்கு முதல் இடத்தைக் கொடுத்துவிடும். நேற்றைய முதல் ஆள் இன்றைக்கு மூன்றாம் ஆள். இதை நிறுத்தத்தான் அண்ணன் புரோகிராம் எழுதினான். ஒவ்வொரு கன்ட்ரோலருக்குள்ளும் ஓர் அடையாள எண் இருக்குமாம். அதைப் படித்து அவரவரை அவரவர் இடத்தில் உட்கார வைக்குமாம்.

"இதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு?" என்றாள் அக்கா. "கன்ட்ரோலர்ல ஒரு புள்ளி வை. டப்பாவுல அதைச் சொருகுற இடத்துல அதே கலர்ல ஒரு புள்ளி வை. அது அது அங்கங்க போயிடும்."

அக்காவிடம் உலகின் எல்லாப் பிரச்சினைக்கும் ஒரே மருந்து உண்டு: நகப்பாலிஷ். அவளுடைய பல்துலக்கி, சார்ஜர், குடை, சாவி எல்லாவற்றிலும் ஒரு புள்ளி இருக்கும்.

"புள்ளி வச்சுப் பொருளை அடையாளம் கண்டுபிடிச்சவன் குகையில இருந்தான்" என்றான் அண்ணன். "நமக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கு."

"எங்க இருக்குன்னு காட்டு, அதுக்கும் ஒரு புள்ளி வச்சுடறேன். தொலைஞ்சா தேட வசதியா இருக்கும்."

இருவருக்கும் உண்மையான சண்டை புள்ளியைப் பற்றியது அல்ல, மாடி அறையைப் பற்றியது. அக்கா கம்ப்யூட்டர் வழியாக எங்கோ இருக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து. பின்னங்கள் நடத்தும்போது மிக்ஸி ஓடும். போன வாரம் அவளுக்குப் பின்னால் அப்பா வெறும் துண்டோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனார். மறந்துபோன சோப்புக்காகத் திரும்பியும் வந்தார். இன்னொரு புகார் வந்தால் வேறு டீச்சரைப் பார்த்துக்கொள்வதாக மேலாளர் சொல்லிவிட்டார். அக்காவுக்குக் கதவு உள்ள ஓர் அறை வேண்டும். வீட்டில் அப்படி மிச்சமிருந்தது ஒன்றுதான். அதில் ஷூ டப்பா குடியிருந்தது.

அப்பா தீர்ப்புச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை நாங்க நாலு பேரும் உட்கார்ந்து ஒரு ஆட்டம் முழுசா ஆடறோம். நடுவுல நீ நாற்காலிய விட்டு எழுந்து வயரைத் தொட்டேன்னா ரூம் அவளுக்கு. தொடலன்னா உனக்கு. அழறவங்க வெளியில போய் அழணும்."

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மாடியில் கூடினோம். கார் பந்தயம். அப்பாவுக்குச் சிவப்பு வண்டி, அம்மாவுக்கு நீலம், அக்காவுக்குப் பச்சை, எனக்கு மஞ்சள். இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றை அப்பாவும் மற்றதை அம்மாவும் வைத்துக்கொண்டார்கள். இரவல் கன்ட்ரோலர் அக்காவுக்கு. எனக்கு அழைப்புமணிப் பெட்டி. அண்ணன் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்தான், பரிசளிப்பு விழாவுக்கு வந்த தலைவர் மாதிரி.

கொடி அசைந்தது. சிவப்பு வண்டி வில்லிலிருந்து விட்ட அம்பாகப் பறந்தது.

"பாத்தியா, பாத்தியா!" அப்பா கன்ட்ரோலரை ஸ்டியரிங்காக நினைத்து உடம்போடு சாய்ந்தார். "என்னமா போறேன் பாரு! ஏம்மா, உன் வண்டி ஏன் சுவத்துல முட்டுது?"

நீல வண்டி சுவரை முட்டியது, பின்வாங்கியது, கொஞ்சம் யோசித்து மறுபடியும் முட்டியது.

"எனக்கு எங்கங்க இதெல்லாம் வரும்?" என்றார் அம்மா. குரலில் கவலையே இல்லை. கண்ணை டிவியிலிருந்து எடுக்கவும் இல்லை.

சிவப்பு வண்டி முதலில் வந்தது. அப்பா எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினார். அலுவலகத்தில் பதவி உயர்வு வந்த அன்றுகூட அவர் உட்கார்ந்துதான் இருந்தார்.

"எவ்வளவு வேலைப்பாடு! ஒரு கோளாறு இல்ல! டேய், ரூம் உனக்குத்தான்" என்றார்.

அண்ணன் எங்களைப் பார்த்து மெல்லத் தலையசைத்தான். அக்கா ஒன்றும் பேசவில்லை. கன்ட்ரோலரின் வயரை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தாள். சாதாரணமாக அவள் பேசாமல் இருந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். அன்றைக்கு இல்லை.

"இன்னொரு ஆட்டம்!" என்றார் அப்பா. வெற்றியில் ருசி கண்டுவிட்டார்.

அம்மா அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கன்ட்ரோலரைப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தார். "நீங்க ஆடுங்க. எனக்கு அடுப்புல வேலை இருக்கு." போனவர் கதவோரத்திலேயே நின்றுவிட்டார்.

மறுபடியும் கொடி அசைந்தது. அப்பா அழுத்தினார். சிவப்பு வண்டி அசையவில்லை. ஆளில்லாத நீல வண்டி மட்டும் ஆவேசமாகக் கிளம்பி, பழகிய அதே சுவரில் போய் முட்டியது.

"என் வண்டிக்கு என்னடா ஆச்சு? இவ்வளவு நேரம் நல்லாத்தானே ஓடுச்சு!"

அக்கா கீழே கிடந்த கன்ட்ரோலரைப் பார்த்தாள். நீல வண்டியைப் பார்த்தாள். அவள் முகத்தில் விளக்கு எரிந்தது.

"அப்பா, கொஞ்சம் அழுத்தறதை நிறுத்துங்க."

நிறுத்தினார். நீல வண்டி நின்றது.

"இப்ப அழுத்துங்க."

நீல வண்டி சுவரில் முட்டியது.

அப்பா மெதுவாக அம்மா பக்கம் திரும்பினார்.

"அப்போ மொத ஆட்டத்துல சிவப்ப ஓட்டினது..."

"நான்தாங்க" என்றார் அம்மா. "ஆரம்பிச்ச உடனே தெரிஞ்சு போச்சு. சொல்லலாம்னுதான் பார்த்தேன். நீங்க அப்படிக் குதிச்சீங்க. பாவமா இருந்துச்சு."

"அப்போ சுவத்துல முட்டிக்கிட்டே இருந்தது?"

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காது. "விடுங்கப்பா, சுவருதான் குறுக்க வந்துச்சு" என்றேன். முதலில் சிரித்தது அப்பாதான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, "நல்லா ஓட்டறியேம்மா!" என்று அம்மாவைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பயமும் இருந்தது.

அண்ணன் மட்டும் சிரிக்காமல் இரண்டு கறுப்பு கன்ட்ரோலர்களையும் மடியில் கவிழ்த்துப் போட்டு, கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்த்தான். செய்தவர்கள் சிக்கனக்காரர்கள், இரண்டுக்கும் ஒரே அடையாள எண்ணைக் கொடுத்திருந்தார்கள். அவனுடைய புரோகிராம் யார் எவரென்று தெரியாமல், கைக்குக் கிடைத்ததைக் கிடைத்த இடத்தில் உட்கார வைத்திருந்தது.

"இருந்தாலும் சட்டப்படி நான் நாற்காலிய விட்டு எழுந்திருக்கல" என்றான்.

"ஓட்டுறது யாருன்னே தெரியாத பந்தயம் ஒரு பந்தயமாடா? ரூம் அவளுக்கு" என்றார் அப்பா. பிறகு கொஞ்சம் தணிந்து, "டப்பாவ ஹால்ல வை. எனக்கும் பழகணும்" என்றார்.

அன்று மாலையே டப்பா கீழே இறங்கியது, அக்கா மேலே ஏறினாள். இப்போது பின்னங்கள் மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கின்றன. அப்பா துண்டோடு வீடு முழுக்கச் சுதந்திரமாக உலவுகிறார். அலுவலகம் விட்டு வந்தால் செருப்பைக் கழற்றும்போதே, "ஏம்மா, ஒரு ரவுண்டு?" என்கிறார். அம்மா நிஜமான நீல வண்டியிலும் ஜெயிக்கிறார். தோற்ற நாட்களில் எல்லாம் அப்பா, "வண்டி மாறிப்போச்சு, வண்டி மாறிப்போச்சு" என்று மேல்முறையீடு செய்கிறார். பல நாள் அது உண்மையாகவும் இருக்கிறது. அண்ணன் புரோகிராமை இரண்டு முறை திருத்தி எழுதினான். இரட்டைப் பிள்ளைகள் அதற்கெல்லாம் மசியவில்லை.

நேற்று மத்தியானம் கல்லூரியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். மாடியில் அக்காவின் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஹாலில் அண்ணன் எனக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்திருந்தான். அறையில் ஒரு கார வாசனை. கிட்டே போய்ப் பார்த்தேன். கறுப்பு கன்ட்ரோலரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, கன்னம் உப்ப, சூடான பாலை ஆற்றுவது போல ஊதிக்கொண்டிருந்தான்.

என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். மேலே அக்கா யாரிடமோ, "இப்ப புரிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் சின்ன பிரஷை அக்காவின் குப்பிக்குள் முக்கி, விளிம்பில் வழித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, இரண்டாவது பூச்சையும் போட்டான்.