தலையில் இடிக்கும் கிளை

எங்கள் வீட்டுத் தோட்டத்து எலுமிச்சை மரத்தில் ஒரு கிளை தாழ்வாக இருந்தது. போகிறவர் வருகிறவர் தலையையெல்லாம் பதம் பார்க்கும். அதை வெட்டிவிட வேண்டும் என்று என் வீட்டுக்காரி சொல்லாத நாள் இல்லை. வெட்டக் கூடாது என்று நான் சொல்லாத நாளும் இல்லை. நிழல் தருகிறது, நன்றாகக் காய்க்கிறது என்று வாய்க்கு வந்த காரணமெல்லாம் சொல்லுவேன். உண்மையான காரணத்தை மட்டும் சொன்னதில்லை. அது என் தலையில் இடித்தால்தான் இடது பக்கம் திரும்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

எனக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. நரம்புக் கோளாறு, கண்ணாடி மாற்றிப் பிரயோஜனம் இல்லை, போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எதிரே நிற்பது ஆள் என்று தெரியும். யார் என்று தெரியாது. வெயில் ஏறிவிட்டால் அதுவும் போய் எல்லாம் வெள்ளையாகிவிடும். டாக்டரிடம் தனியாகத்தான் போனேன், வீட்டில் வாக்கிங் என்று சொல்லிவிட்டு. சொட்டு மருந்தைப் பழைய ஷேவிங் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தேன்.

நான் சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊரார் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளந்து கொடுத்தவனுக்குச் சொந்தத் தோட்டத்தில் வழி தெரியவில்லை என்றால் சிரிக்க மாட்டார்களா? சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்குப் பயமெல்லாம் மகளிடம்தான். பக்கத்து வீட்டுக்காரர் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட அன்றே அவள் சொல்லிவிட்டாள்: "உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது முடியாம போச்சுன்னா, வீட்ட வித்துட்டு எங்க ஃபிளாட்டுக்கு வந்துடணும். அப்புறம் பேச்சு மாறக் கூடாது." தங்கமான மாப்பிள்ளை, அவரும் தலையை ஆட்டினார். என் வீட்டுக்காரியும் சரி என்று சொல்லித் தொலைத்தாள். எட்டாவது மாடி. பால்கனியில் ஒரு தொட்டிச் செடி, அதற்கு மேலே துணி காயப்போடும் கம்பி. அங்கே போனால் நான் சீக்கிரம் செத்துப்போவேன். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை.

அதனால் தோட்டத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். பின்கதவைத் திறந்ததும் ஒரு படி. இறங்கினால் ஆடுகிற கல், மிதித்தால் டக்கென்று சொல்லும். நேரே போனால் கிளை இடிக்கும். இடது பக்கம் திரும்பினால் ஒழுகும் குழாயின் சத்தம் கேட்கும். சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனால் குழாய்க்குப் பக்கத்திலேயே பெஞ்சு. காலையில் அங்கே உட்கார்ந்து கைக்கெட்டிய செடிகளைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தால், எனக்குக் கண் தெரியவில்லை என்பதே மறந்துபோகும்.

அதற்குத்தான் உலை வைத்தாள் வீட்டுக்காரி.

"தோட்டத்த மாத்திடலாம்னு இருக்கேன்," என்றாள் ஒருநாள். "புல்லு வெட்ட முடியல, களை பிடுங்க முடியல, குனிஞ்சா நிமிர முடியல. தெரிஞ்ச ஆளா வச்சு மொத்தமா சீர் பண்ணிட்டா, அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவ பெருக்கினா போதும்."

"உன்ன யாரு குனியச் சொன்னா? நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாக்கற லட்சணம்தான் தெரியுதே."

எனக்குப் பக்கென்றது. வழக்கமாகக் குத்திப் பேசுகிறவள்தானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மகளுக்கு ஏக சந்தோஷம். தோட்டம் அமைத்துக் கொடுப்பதையே தொழிலாகச் செய்கிற ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்து அனுப்பினாள். கனமான ஷூ போட்டுக்கொண்டு தடதடவென்று நடப்பாள் அந்தப் பெண். முகம்தான் எனக்குத் தெரியாதே, அதனால் ஷூக்காரம்மா என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

ஷூக்காரம்மா தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இதுல எதெல்லாம் உங்களுக்குக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டாள். அவ்வளவுதான், வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் படிய எடுத்துட்டு சரிவா பண்ணிடுங்க. அந்த ஆடுற கல்ல பேத்து எறிங்க. கிளைய வெட்டுங்க. முள்ளுச் செடி ஒண்ணுகூட வேண்டாம். இந்தக் குழாய் ஒழுகி ஒழுகி என் உசுர வாங்குது, அதையும் சரி பண்ணுங்க."

நான் படித்து வைத்த பாடத்தை வரி வரியாக அழித்துக்கொண்டு போகிறாள்.

"படி இருக்கட்டுமே," என்றேன்.

"எதுக்கு?"

"படின்னா ஒரு இது இருக்கும்."

"எது இருக்கும்?"

எனக்கே தெரியவில்லை. "சரி, அந்தக் கல்லாவது இருக்கட்டும். ராசியான கல்லு."

"ஆடுற கல்லுல என்னங்க ராசி? மிதிச்சவன் விழாம இருக்கறதா?"

"குழாய்?"

"ஒழுகற குழாய்க்கு எதுக்கு வக்காலத்து வாங்கறீங்க? ஒரு சொட்டுத் தண்ணி வீணாகக் கூடாதுன்னு நான் தலபாடா அடிச்சுக்கறேன், இவரு குழாய் ஒழுகட்டும்கிறாரு!"

அவள் அப்படித்தான். காய்கறி கழுவின தண்ணீரைக்கூடக் கீழே கொட்டமாட்டாள், ஏந்திக்கொண்டுபோய்ச் செடிக்கு ஊற்றுவாள். அவளிடம் ஒழுகும் குழாயின் பெருமையைப் பேசி நான் எப்படி ஜெயிப்பது?

"ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க," என்றாள் ஷூக்காரம்மா சிரித்துக்கொண்டே.

"பேசி முடிச்சாச்சு," என்றாள் இவள்.

அடுத்த முறை ஷூக்காரம்மா வரைபடத்தோடு வந்தாள். "சார் சர்வேயராமே! நீங்க பாத்து சரின்னு சொன்னாத்தான் எனக்கு தைரியம்," என்று என் மடியில் விரித்து வைத்தாள். பெரிய வெள்ளைத் தாள். அதில் என்ன இருந்தது என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். தொழில் கெத்து விடவில்லை. தாளின் மேல் விரலை ஓட்டி, முகத்தைச் சுளித்து, "வடக்கு எதுன்னு குறிக்கலையேம்மா," என்றேன்.

தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்க்கும் சரசரப்புக் கேட்டது.

"மேல பெரிசா அம்புக்குறி போட்டிருக்கேனே சார்," என்றாள் ஷூக்காரம்மா.

குட்டு உடைந்தது என்றுதான் நினைத்தேன். அதற்குள் வீட்டுக்காரி குறுக்கே புகுந்தாள். "அவரு கையால போட்டாத்தாம்மா அவருக்கு அம்புக்குறி. அடுத்தவங்க வேலைல நொட்ட சொல்லாட்டா அவருக்குச் சாப்பாடு இறங்காது. நீங்க மேல சொல்லுங்க."

வந்தவள் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாளே என்று எனக்குக் கோபம். தப்பித்தேன் என்று நிம்மதி. இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆட்கள் வந்து வேலையைத் தொடங்கினார்கள். புல்தரையைப் பெயர்த்துவிட்டு, களை முளைக்காமலிருக்கத் தடித்த துணி விரித்து, அதன்மேல் வெள்ளைக் கூழாங்கல்லைக் கொட்டினார்கள். நடுவே வழவழவென்று கல் பாவிய பாதை. குனிய வேண்டாதபடி இடுப்பு உயரத்துக்குப் பாத்தி கட்டி, அடிக்கடி கத்தரிக்க வேண்டாத செடிகளாகப் பார்த்து நட்டார்கள். தண்ணீர் தானாகப் போய்ச் சேர மெல்லிய குழாய்கள். இதையெல்லாம் வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் உள்ளே உட்கார்ந்து சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். படியை உடைத்தார்கள். கிளை சடசடவென்று முறிந்து விழுந்தது. கடைசியாகக் குழாயை மாற்றினார்கள், அது ஒழுகும் சத்தமும் நின்றது. அப்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

வேலை முடிந்த பிறகு முழங்கால் வலி, ஜலதோஷம் என்று ஏதாவது சாக்குச் சொல்லி நான் பின்கதவுப் பக்கமே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் வந்துவிட்டாள்.

"அம்மா, தோட்டமா இது! பெரிய ஹோட்டல் வாசல் மாதிரி இருக்கு," என்று குதித்தாள். சாப்பிட்டு முடித்ததும் என்னைப் பிடித்தாள். "அப்பா, நீங்க போய் பெஞ்சுல உக்காருங்க. போட்டோ எடுத்து உங்க மாப்பிள்ளைக்கு அனுப்பணும். போன் உள்ள சார்ஜுல இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன்."

உச்சி வெயில். மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். கிளம்பினேன்.

கதவைத் தாண்டினால் படி வரவில்லை. சரிவில் கால் தானாக இறங்கிக்கொண்டே போனது, அதுவே பயமாக இருந்தது. டக்கென்று சொல்ல ஆடும் கல் இல்லை. நேரே நடந்தேன். இந்நேரம் கிளை இடிக்க வேண்டும் என்று தலையை லேசாக நீட்டிக்கூடக் கொடுத்தேன். எதுவும் இடிக்கவில்லை. நின்று காதைக் கொடுத்தேன். குழாய்ச் சத்தம் இல்லை. கூழாங்கல், பாதை, சுவர் எல்லாம் ஒரே வெள்ளையாக இருந்தன. காலடியில் நெறுநெறுவென்றபோது பாதையை விட்டு விலகிவிட்டேன் என்று புரிந்தது. எந்தப் பக்கம் விலகினேன் என்று புரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். அதோடு வீடு எந்தப் பக்கம் என்பதும் போய்விட்டது. காடு மேடெல்லாம் சங்கிலி பிடித்து அளந்த மனிதன், என் வீட்டுத் தோட்டத்திலேயே தொலைந்துபோனேன்.

உள்ளே மகளின் செருப்புச் சத்தம். இதோ கதவருகே வந்துவிடுவாள். நான் திக்குத் தெரியாமல் நிற்பதைப் பார்த்தால் தீர்ந்தது கதை, எட்டாவது மாடிதான்.

"ஏம்மா," என்று மெதுவாகக் கூப்பிட்டேன். "எனக்கு வழி தெரியல."

"தெரியும். கையக் குடுங்க."

வீட்டுக்காரியின் குரல் என் தோளுக்குப் பக்கத்தில் கேட்டது. பின்னாலேயே வந்திருக்கிறாள். என் கையைத் தன் கையோடு இறுக்கிக் கோத்துக்கொண்டாள். கல்யாணப் போட்டோவிலேயே இடைவெளி விட்டு நின்றவள் அவள்.

"அட அட! என்னப்பா இது, இந்த வயசுல ரெண்டு பேரும் கை கோத்துக்கிட்டு!" என்று கதவருகிலிருந்து மகள் கூவினாள்.

"கண்ணு வைக்காம போட்டோவ எடுடி," என்றாள் இவள்.

அந்தப் போட்டோ மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் முழுக்கச் சுற்றியதாம். மகள் கிளம்பிப் போவதற்குள் சம்பந்தியம்மா போனில் கூப்பிட்டுக் கேலி செய்துவிட்டார்கள்.

மகள் போனதும் நான் கேட்டேன். "எப்பலருந்து தெரியும்?"

"கவுத்து வச்ச பக்கெட்டுக்கு நின்னு நிதானமா தண்ணி ஊத்துனீங்களே, அன்னைலருந்து. ஷேவிங் பெட்டிக்குள்ள இருக்கற சொட்டு மருந்தும் தெரியும்."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"எப்படிச் சொல்றது? கார மெதுவா ஓட்டறீங்கன்னு மாப்பிள்ளை ஒரு தடவ வாய் தவறிச் சொல்லிட்டாரு. அன்னைக்கு வச்ச சாவிய இன்னைக்கு வரைக்கும் நீங்க தொடல. கண்ணு தெரியலன்னு நான் சொல்லியிருந்தா, கட்டில விட்டே எறங்கியிருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியாதா உங்கள? எங்கயாவது இடிச்சுக்கிட்டு விழுந்து தொலைக்கப் போறீங்களேன்னுதான் எல்லாத்தையும் சமமாக்கினேன். களை பிடுங்கறது எனக்கு ஒரு கஷ்டமா? உங்க மககிட்ட வேற என்ன சொல்லித் தோட்டத்த மாத்தறது?"

படி, ஆடும் கல், கிளை, குழாய் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அவளிடம் சொன்னேன்.

"அந்தக் கிளைல நீங்க தினமும் இடிச்சுக்கறதப் பாத்து எனக்கு வயிறு எரியும்," என்றாள். "அதத்தான் முதல்ல வெட்டச் சொன்னேன்."

"அது இடிச்சாத்தான் எனக்குத் திரும்பத் தெரியும்."

"அட பாவி மனுஷா!" என்று சிரித்தாள். சிரிப்பு நடுவில் உடைந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. இவ்வளவு நாள் அவளிடமே மறைத்துத் திரிந்ததை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"மககிட்ட சொல்லணுமா?" என்றேன்.

"சொல்லத்தான் வேணும். மறைச்சு மறைச்சு நாம பட்டது போதும். ஆனா அவ கண்ணு முன்னால கதவுலருந்து பெஞ்சு வரைக்கும் தனியா நடந்து காட்டிட்டுச் சொல்லுங்க. அப்புறம் எட்டாவது மாடிக்கு எவ கூப்பிடறான்னு நானும் பாக்கறேன்."

எப்படி நடப்பேன் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பின்கதவைத் திறந்தேன். சரிவுக்கு முன்னால் நின்றேன். எங்கோ தூரத்தில் டொக் என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் டொக்.

"ஏம்மா, புதுக் குழாயும் ஒழுகுதே. சரியா மூடலயா?"

"மூடத் தெரியாதா எனக்கு? பேசாம வாங்க."

நான் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஒரு முறை கூழாங்கல்லில் கால் வைத்துவிட்டுப் பாதைக்குத் திரும்பினேன். கையை நீட்டியபோது பெஞ்சின் முதுகு தட்டுப்பட்டது. உட்கார்ந்தேன். காலடியில் குழாய்க்கு நேராக ஒரு பக்கெட் இருந்தது. அதற்குள்தான் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பக்கெட் நிறைந்ததும் அவள் வந்து தூக்கிக்கொண்டுபோய் எலுமிச்சைக்கு ஊற்றினாள். காலிப் பக்கெட்டைத் திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தாள். வெறும் பக்கெட்டில் சத்தம் இன்னும் பலமாக விழுந்தது.

"நல்லா கேக்குதா?" என்றாள்.

"கேக்குது," என்றேன்.