பன்னிரண்டு பேரின் கால்கள்

சேலையூர் சபையில் அந்த வருஷம் பெரிய வியாழனுக்குப் புது யோசனை ஒன்று முளைத்தது. இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து சபைப் போதகரான ஐயர் வருஷாவருஷம் கமிட்டிக்காரர்களின் கால்களைக் கழுவுவார். இந்தத் தடவை ஏரிக்கரைக் குடிசைகளிலிருந்து பன்னிரண்டு ஏழைகளை அழைத்து வருவோம், வீடியோவும் எடுப்போம் என்றார் செயலாளர் ஜெபசீலன். அடேயப்பா, என்ன தாழ்மை! வீடியோ இல்லாவிட்டால் ஆண்டவருக்கே தெரியாமல் போய்விடுமே!

ரிட்டயர்டு நர்ஸ் சுகிர்தத்துக்கு இதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஆள் கூட்டிவரும் வேலையை ஏற்றுக்கொண்டாள். காரணம் ஏரிக்கரைக் குடிசைக்காரன் குப்புராஜ். குவாரியில் பாறை விழுந்து அவன் கால் புரையோடிக் கிடந்தது. ஆஸ்பத்திரி என்றாலே, "போனா வெட்டிப்புடுவாங்கம்மா" என்று அலறுவான். ஐயரே கால் கழுவுவார் என்றதும்தான் அவன் முகம் மாறியது.

"மெய்யாலுமா? அவ்ளோ பெரிய மன்சன் என் காலைத் தொடுவாரா? தொட்டாருன்னா நீ சொல்ற ஆஸ்பத்திரிக்கும் வரேன் நர்ஸம்மா."

அந்த ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. இன்னும் ஒரு வாரம் விட்டால் கால் மட்டுமல்ல, ஆளே தேறமாட்டான்.

வியாழன் சாயந்திரம் கோயிலுக்குப் பின்னால் குழாயடியில் ஜெபசீலன் நின்றுகொண்டு, வந்தவர்களை எல்லாம் சோப்புப் போட்டுக் கால் தேய்க்கச் சொன்னார். அதற்குமேல் டெட்டால் வேறு. கழுவப் போகிற காலை முதலிலேயே கழுவிவிட்டு வரச் சொன்ன சபை உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். குப்புராஜின் காலில் நாறிக்கொண்டிருந்த துணிக்கட்டைப் பார்த்ததும் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"சிஸ்டர், இது வேணாம். வீடியோல நல்லா இருக்காது."

"புண்ணு இருக்கிற காலைத்தானே சார் கழுவணும்?"

"ஆராதனை நேரத்துல ஆர்கியுமென்ட் வேணாம் சிஸ்டர்."

குப்புராஜின் கையில் ஒரு பன்னைத் திணித்து, கேட்டருகே உட்காரவைத்தார்கள். பன்னிரண்டாவது ஏழையாக ஜெபசீலனின் மச்சான் தயாளன் உள்ளே போனான். பேங்க் உத்தியோகஸ்தன், ஷூவையும் வாட்ச்சையும் கழற்றியதும் ஏழையாகிவிட்டான்.

பாட்டு நடந்துகொண்டிருந்தபோதே சுகிர்தம் விறுவிறுவென்று முன்னால் போனாள். தயாளனின் வெள்ளைவெளேரென்ற காலுக்கு அடியிலிருந்த பேசினைத் தூக்கினாள். கூச்சத்தில் நெளிந்துகொண்டிருந்தவன் திடுக்கிட்டுக் காலை இழுத்துக்கொண்டான்.

"ஐயரே, கழுவவேண்டிய கால் கேட்டாண்ட இருக்கு. வாங்க."

ஐயர் ஜெபசீலனைப் பார்த்தார். ஜெபசீலன் வீடியோக்காரனைப் பார்த்தார்.

"ஆராதனை முடியட்டும்மா," என்றார் ஐயர், மெதுவாக.

"முடியும், எல்லாம் முடியும்," என்று சொல்லிவிட்டு அவள் பேசினோடு வெளியே நடந்தாள். பின்னாலேயே ஜெபசீலன் யாரையோ பிளாஸ்டிக் பக்கெட் கொண்டுவரச் சொல்வது கேட்டது.

குப்புராஜ் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "ஐயரு?"

"வரல. நான் கழுவுறேன், நீட்டு."

நீட்டினான். பழைய துணியைப் பிரித்து, கழுவி, கைப்பையிலிருந்த மருந்தை வைத்துக் கட்டினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"எழுந்திரு, ஆட்டோ பிடிக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"வேணாம்மா. உன்மேல கோவமில்ல. கழுவறேன்னு இட்டாந்தவங்களே மூக்கைப் பொத்திக்கினாங்க. அங்க எவன் தொடுவான்? வெட்டித்தான் போடுவான்."

அவள் கெஞ்சினாள், திட்டினாள், கையைப் பிடித்து இழுத்தாள். அவன் கும்பிட்டுவிட்டு, நொண்டி நொண்டி ஏரிக்கரைப் பக்கம் நடந்தான்.