கண்ணியில் குத்திய ஊக்கு

"கையில ஊசியோட அப்படியே போயிட்டா" என்று நூல்கடைக்காரரிடம் சொல்லும்போது ஃபிட்டருக்குத் தன் குரல் வேறு யாருடையதோ போல் கேட்டது. நூல்கடைக்காரர் தலையை ஆட்டினார். நல்ல சாவு என்றார். சொன்னது சரிதானா என்ற சந்தேகம் வந்தவர்போல, செருப்பைத் தேடிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

காலையில் டாக்டரிடம் ஃபிட்டர் இப்படிச் சொல்லவில்லை. மனைவி ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்திருந்தாள், பின்னல் மடியில் இருந்தது என்று மட்டும்தான் சொன்னார். இதயம் நின்றிருக்கிறது, ஒரு நொடி, அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்றார் டாக்டர். பக்கத்தில் நின்று கேட்ட மாடிவீட்டு அம்மாதான், அடுத்து வந்தவர்களிடம் "கையில ஊசியோட" என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். மதியத்துக்குள் ஃபிட்டரும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டார். சொல்லச் சொல்ல அது தன் கண்ணால் பார்த்ததாகவே ஆகிவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அவள் போன நேரத்தில் அவர் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருந்தார். ட்ரீம் கேட்சர் அவர்கள் வீட்டில் இரண்டு பேர் வேலை. கம்பியை வளையமாக வளைத்து, முனைகளைச் சேர்த்துப் பற்றவைத்து, சொரசொரப்பு போக மெஷினில் தேய்த்துக் கொடுப்பது அவர். வளையத்துக்கு நூல் சுற்றி, குரோஷா ஊசியால் நடுவுக்கு ஒரு பூப் பின்னி, அதைச் சுற்றி வலை இழுத்து, கீழே மணியும் இறகும் தொங்கவிடுவது அவள். சுவரில் மாட்டினால் கெட்ட கனவைப் பிடித்துவிடும் என்று வாங்கிப்போவார்கள். நிஜமாகவே பிடிக்குமா என்று யாராவது கேட்டால் போதும். "முப்பது வருஷமா என் பக்கத்துல ஒண்ணு குறட்டை விட்டுக்கிட்டுக் கிடக்கு, அதையே இன்னும் பிடிக்கல" என்பாள். கொட்டகையில் இருந்தபடி அவரும் சிரிப்பார், மெஷின் ஓடாத நேரமாக இருந்தால்.

மெஷின் ஓடினால் அங்கே ஒன்றும் கேட்காது.

அவள் கடைசியாகப் பின்னியதை அவளோடேயே வைத்து அனுப்பலாமே என்று மாடிவீட்டு அம்மா சொல்ல, கொழுந்தியாள் எழுந்து ஜன்னலோர அறைக்குப் போனாள். அக்காளிடமே இந்த வேலையைப் பழகியவள் அவள். போனவள் வரவில்லை. ஃபிட்டர் எழுந்து போய்ப் பார்த்தார். கூடைக்குப் பக்கத்தில் பாதிப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"மாமா, ஊசி எங்க?"

"கையில இருந்துச்சு."

"நீங்களா எடுத்தீங்க?"

அவர் யோசித்தார். மடியிலிருந்து பின்னலைத் தூக்கிக் கூடையில் போட்டது நினைவிருந்தது. அவள் விரல்களைப் பிரித்து ஊசியை எடுத்தது நினைவில் எங்கும் இல்லை.

கொழுந்தியாள் ஜன்னல் கட்டையில் இருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். மூடி இறுக்கமாக இருந்தது. நகத்தைக் கொடுத்து நெம்பித் திறந்தாள். மற்ற ஊசிகளோடு அதுவும் உள்ளே படுத்திருந்தது. பிறகு பூவைத் திருப்பிக் காட்டினாள். வரிசை பாதியில் நின்றிருந்தது. கடைசி நூல் கண்ணியில், அவிழாமல் இருக்க, ஒரு ஊக்கு குத்தியிருந்தது.

அவளுடைய பழக்கம் அவருக்குத் தெரியாததல்ல. பால் பொங்கினாலும் கதவு தட்டினாலும் கண்ணியைச் சற்று நீட்டிவிட்டு, ஊசியை அதிலேயே விட்டு ஓடுவாள். வளையலில் மாட்டியிருக்கும் ஊக்கைக் கழற்றிக் கண்ணியில் குத்தி, ஊசியை டப்பாவில் போட்டு மூடினால், இனி இப்போதைக்கு அதைத் தொடமாட்டாள் என்று அர்த்தம். ஊருக்குப் போகும்போது அப்படிச் செய்வாள். படுக்கப் போகும்போது செய்வாள்.

"வேலையை எடுத்து வச்சிருக்கா" என்றாள் கொழுந்தியாள். "எடுத்து வச்சிட்டுத்தான்..."

ஃபிட்டர் சுவரோடு சறுக்கித் தரையில் உட்கார்ந்தார். ஊக்குக் குத்த நேரம் இருந்திருக்கிறது. டப்பாவை அழுத்தி மூட நேரம் இருந்திருக்கிறது. அவ்வளவு நேரம் இருக்கிறவர்கள் வேறென்ன செய்வார்கள்?

"மெஷின் ஓடிச்சு" என்றார்.

அவள் ஊக்கை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நடுவுல நிறுத்திட்டுத் தண்ணி கேட்டேன். சத்தமே இல்ல. கோவமா இருக்கான்னு நெனச்சேன். நெனச்சுக்கிட்டு இன்னொரு வளையத்தை எடுத்தேன்."

உங்கள் மேல் தப்பில்லை என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்ததுபோல் அண்ணாந்து பார்த்தார். அவள் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே கார் வந்து நின்றது. வாசலில் இருந்தவர்கள் விலகும் சத்தம். மகன் வந்துவிட்டான் என்று யாரோ சொன்னார்கள். கூடத்திலிருந்து மூச்சு இழுபடுவதுபோல் ஒரு சத்தம் வந்தது.

கொழுந்தியாள் ஊக்கைக் கழற்றினாள். அவிழப் பார்த்த கண்ணியில் ஊசியை நுழைத்து நூலை லேசாக இழுத்தாள். கண்ணி ஊசியைக் கவ்விக்கொண்டது. டப்பாவை மூடி இருந்த இடத்தில் வைத்தாள். ஊக்கைத் தன் வளையலில் மாட்டிக்கொண்டாள். ஃபிட்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை.

மகன் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான்.

"கூப்பிட்டாங்களாப்பா? ஏதாவது சொன்னாங்களா?"

ஃபிட்டர் வாயைத் திறந்தார். காலையிலிருந்து யார் கேட்டாலும் தானாக வந்த சொல் இப்போது வரவில்லை.

"கூப்பிட எங்கடா நேரம்?" என்றாள் அவன் சித்தி. "இந்தா பாரு. கையில ஊசியோட, அப்படியே."

அவன் பூவை இரண்டு கைகளாலும் வாங்கிப் பார்த்தான். ஊசி விழுந்துவிடாமல் நாற்காலியில் வைத்தான். பிறகு தரையில் அப்பாவை ஒட்டி உட்கார்ந்தான். அவர் சட்டையில் தோளிலிருந்து முழங்கை வரை இரும்புத்தூள் படிந்திருந்தது.

"சட்டையை மாத்துங்கன்னுகூட யாரும் சொல்லலையா" என்று உள்ளங்கையால் தட்டிவிட்டான். கொஞ்சம் உதிர்ந்தது. மீதி போகவில்லை. இன்னும் மெதுவாக, மறுபடியும் தட்டினான்.