இரண்டரை மணி நேரப் பயணம்

விமான டிக்கெட் போட்டுத் தரும் அந்த அலுவலகத்தில் முதல் மேசை அவளுடையது. பதினாறு வருஷமாக அந்த நாற்காலியைத் தேய்த்தவள். வாயில் வந்தபடி பேசினாலும் கணக்கு பிசகாது என்று பெயர்.

"இறங்குற நேரம்னு போட்டிருக்கிறது அந்த ஊர் நேரம் சார். அங்க கடிகாரம் நம்மளை விட ரெண்டு மணி நேரம் பின்னால. அதையும் கூட்டிக்கணும்" என்று எதிரே இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியிலேயே விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.

அதே ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குத்தான் அப்பா காலையில் கிளம்பியிருந்தார். புறப்பாடு ஒன்பது, இறங்குவது பதினொன்றரை. இரண்டரை மணி நேரம் என்று நினைத்திருந்தாள். உண்மையில் நாலரை.

அப்பாவுக்கு நுரையீரல் பழுது. தோளில் தொங்கும் ஆக்ஸிஜன் மெஷின் இல்லாமல் அவரால் முடியாது. ஒரு பேட்டரி மூன்றரை மணி நேரம் தாங்கும். அவர் பையில் வைத்த இரண்டாவது பேட்டரியை எடுத்து அலமாரியில் போட்டதே இந்த மகராசிதான்.

"ரெண்டரை மணி நேரத்துக்கு எதுக்குப்பா இந்தச் சுமை?"

விமான நிறுவனத்துக்கான படிவத்தில் பயண நேரத்தை எழுதியதும் அவள்தான். அங்கேயும் ஒருத்தரும் சரிபார்க்கவில்லை.

இப்போது மணி பதினொன்று நாற்பது. எட்டரைக்கு ஏறும்வரை மெஷின் விமான நிலைய மின்சாரத்தில் ஓடியிருக்கும்; அதற்குப் பிறகு பேட்டரிதான். பன்னிரண்டுக்கு நின்றுவிடும். விமானம் தரையைத் தொட இங்கே ஒன்றரை ஆகும்.

விமான நிறுவனத்துக்கு போன் போட்டாள். எடுப்பதற்குள் எட்டு நிமிஷம் பாட்டு ஓடியது. எடுத்தவன், "தகவல் அனுப்ப முயற்சி பண்றோம் மேடம்" என்றான். முயற்சி என்ற வார்த்தையைக் கேட்டதும் அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். பக்கத்து மேசைக்காரி வந்தவர்களைத் தன் பக்கம் கூப்பிட்டுக்கொண்டாள்.

பன்னிரண்டு அடித்தது. அவள் மூச்சை அடக்கிப் பார்த்தாள். நாற்பது எண்ணுவதற்குள் கண் இருட்டியது. அப்பாவைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தாள். வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

ஒன்று ஐம்பதுக்கு அண்ணன் கூப்பிட்டான்.

"இருக்காரு. விமானத்துல இருந்த சிலிண்டரை வச்சு மூச்சு குடுத்திருக்காங்க. உதடெல்லாம் நீலம் பூத்துப்போச்சாம்."

"முன்னாடியே குடுத்திருக்கலாமே!"

"எங்க? கிளம்பும்போதே பைலட் நாலரை மணி நேரம்னு சொல்லியிருக்கான். பேட்டரி போதுமான்னு பணிப்பெண் வந்து கேட்டிருக்கா. அதுக்கு இவரு, 'எம்பொண்ணுக்கு இதுதான் தொழில். அவ ரெண்டரைன்னா ரெண்டரைதான், உங்காளுக்குக் கணக்கு தெரியலை'ன்னு அந்தப் பொண்ணை விரட்டியிருக்காரு. மயங்கி விழுற வரைக்கும் யாரையும் கூப்பிடலையாம்."

அண்ணன் போனை அப்பா காதில் வைத்தான்.

"அப்பா, தப்பு என்னோடதுப்பா. ரெண்டு மணி நேரத்தைக் கூட்டாம விட்டுட்டேன்."

அந்தப் பக்கம் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது.

"நீ எதுக்கும்மா அழற?" என்றார் அப்பா, ஒவ்வொரு வார்த்தையாக. "அந்தாளுதான்... மெதுவா ஓட்டிட்டான்."