சோலையப்பரின் இரும்புக்கட்டி

ஈயம் தோண்டியெடுத்த குட்டைகளின் நீர்ப்பரப்பில் இளவெயில் வெள்ளித்தகடு விரித்தாற்போல் மின்ன, கிள்ளானை நோக்கி ஊர்ந்த புகைவண்டியின் கரும்புகை தென்னங்கீற்றுகளிற் சிக்கிக் கலைய, பிரிக்பீல்ட்சின் செங்கற்சூளைகளுக்கு அப்பால் தம் வார்ப்புப் பட்டறையின் வாயிலைத் திறந்தார் இராமலிங்கம். உலையைத் தொழுது, ஆறிக் கிடக்கும் உருளை ஒவ்வொன்றையும் விரல்மடக்கித் தட்டிச் செவிசாய்த்துக் கேட்ட பின்னரே பிறரோடு வாய்திறப்பது அவர் வழக்கம்.

ரப்பர் தரும் பால்மரத் தோட்டங்களில் உறைந்த மரப்பாலைத் தகடாக அழுத்தும் இரும்புருளைகளே அப்பட்டறையின் புகழ். இருபதாண்டுகட்கு முன் முதலுலை மூட்டிய தந்தை சோலையப்பர், அன்றுருகிய இரும்பிற் கைப்பிடியளவு கட்டியொன்று வார்த்து வைத்தார். அடுத்த உலையில் அதனையே முதலில் இட்டு, ஈற்றில் மீண்டும் ஒரு கட்டி வார்த்துக்கொண்டார். நேற்றைய மோர் இன்றைய பாலை உறைவிப்பதுபோல், முதல்நாள் இரும்பு எல்லா உருளையிலும் இவ்வாறு தொடர்ந்தது. "கட்டி ஒன்றாகவே இருக்கட்டும்; இரண்டானால் குடும்பமும் இரண்டாகும்" என்று சென்ற ஆண்டு கண்மூடுமுன் அவர் சொல்லிப் போனார்.

கிள்ளானில் தனிப்பட்டறை தொடங்கவிருந்த இளையவர் தம்புசாமி அன்று வந்து நின்றார்.

"எனக்கும் ஒரு கட்டி வார்த்துக் கொடுங்கள், அண்ணே. உறைமோரை அண்டைவீட்டுக்குக்கூடக் கொடுப்பார்கள், உடன்பிறந்தவனுக்கு இல்லையா?"

"அப்பா சொல்லை மீறச் சொல்கிறாயா?"

"சரி, அந்தக் கட்டியைக் கட்டிக்கொண்டு நீங்களே அழுங்கள். இனி இந்த வாயிலை மிதிக்கமாட்டேன்."

அவர் திரும்புமுன், இராமலிங்கத்தின் மனைவி நல்லம்மாள் சந்தனம் பூசிய கட்டியொன்றை முந்தானையில் ஏந்தி வந்து, கலங்கிய கண்களோடு கணவர் முன் வைத்தாள்.

"ஈராண்டுக்கு முன் ஆயுத பூசைக்குக் கருவிகளைக் கழுவியபோது, கட்டி, விலைக்கு வாங்கிய பழைய இரும்புத் துண்டுகளோடு கலந்துபோயிற்று. ஒன்றுபோலிருந்த இரண்டில் ஒன்றைப் பட்டறையில் வைத்தேன். மற்றதற்கு நாள்தோறும் விளக்கேற்றுகிறேன். எது மாமாவுடையது என்று எனக்கே தெரியாது. அவர் இருக்கையில் சொல்ல அஞ்சினேன்."

தம்புசாமி வாய்விட்டு நகைத்தார். "அப்படியானால் ஈராண்டாய் அண்ணன் வார்த்தது யாருடைய இரும்பு, அண்ணி?"

இராமலிங்கம் பட்டறைக் கட்டியை எடுத்துவந்து தட்டினார். பூசைக் கட்டியையும் தட்டினார். இரண்டும் ஒரே ஒலியை எழுப்பின. கைவிளக்கு அவிந்த வழிப்போக்கன்போல் அவர் நெஞ்சு தடுமாறிற்று. ஈராண்டில் உருளை ஒன்றேனும் விரிசல் கண்டதில்லை; ஆயின் அவற்றில் தந்தை இருந்தாரா? கட்டி முன்பே இரண்டாகியிருக்க, எதனைக் காப்பதற்காகத் தம்பியை இழக்கத் துணிந்தார்? காத்தது எது, காவாது விட்டது எது என்று எண்ண எண்ணத் தெளிவு பிறக்கவில்லை. மாந்தர் கண் பிரித்தறிய மாட்டாததை நெருப்பு ஒருபோதும் பிரித்துக் காட்டுவதில்லை. கலக்க மட்டுமே அறியும்.

இரண்டு கட்டிகளையும் உலைவாயருகே சேர்த்து வைத்துவிட்டு அவர் சொன்னார்: "நாளைக் காலை இரண்டையும் ஒரே உலையில் இடுகிறேன், தம்பி. உருகியபின் இரண்டு கட்டியாக வார்ப்போம். ஒன்று உனக்கு."