மணி அடிக்காத பூசை

பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்துக்கு மணி அடித்தால் போதும், என் மகள் ஆன் மேரி காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள். என் நாத்தனார் அருள்ஜோதிக்கு அதுவே சாக்கு. கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறவள் அவள்.

"பூச மணி யாருக்கு ஆவாதுன்னு தெரியாதா அண்ணி? இவளுக்குள்ள பிசாசு இருக்குது. புதுநன்மை குடுக்க வேணாம்னு சாமிகிட்ட சொல்லிட்டேன்" என்றாள்.

இவள் யார் அதைச் சொல்ல? முதல் முறையாக நற்கருணை வாங்கும் நாளுக்கு மற்ற பிள்ளைகள் வெள்ளைக் கவுனுக்கு அளவு கொடுக்கிறார்கள், என் பிள்ளை மட்டும் வேண்டாமாம்!

அவளுக்கு ஆட்டிசம் என்று சொன்ன பாண்டிச்சேரி டாக்டரம்மாவிடமே மறுபடி போனேன். மணி ஏன் ஆகவில்லை என்று கேட்டேன்.

"மூளையில தூண்டுற செல்லும் இருக்குது, 'போதும்'னு அடக்குற செல்லும் இருக்குதும்மா. ஆட்டிசத்துல சில பேருக்கு மரபணு மாறியிருக்குது, அதுல அந்த அடக்குற செல்லு சரியா வேல செய்யலைன்னு ஆராய்ச்சியில சொல்றாங்க. சத்தம் அடங்காம ஏறிக்கிட்டே போவும். இவளுக்கும் அப்படி இருக்கலாம், உறுதியா சொல்ல முடியாது. ஆனா இது யாரு செஞ்ச பாவமும் இல்ல."

அந்தக் கடைசி வார்த்தையில் அழுதுவிட்டேன்.

மறுநாள் நான் வேலை செய்கிற பீங்கான் பட்டறையிலிருந்து நேராகப் பங்குச் சாமியாரிடம் போனேன்.

"சூளையில தீ மீறினா காத்து வழிய மூடித் தணிக்கிறோம் சாமி. எம்பொண்ணு மூளையில அந்த மூடி சரியா மூடல. அதுக்குப் பேரு பிசாசா? புதுநன்மை அன்னைக்கு ஒரு நாளு மணி வேணாம் சாமி."

"மணி இல்லன்னாலும் பூச பூசதாம்மா. கூட்டிக்கிட்டு வா" என்றார் அவர்.

புதுநன்மை அன்று எழுந்தேற்றத்தில் மணி அடிக்கவில்லை. கோயிலே அமைதியாக இருந்தது. ஆன் மேரி கையைக் காதுக்குக் கொண்டுபோகவே இல்லை. வரிசையில் அவள் முறை வந்தது.

"கிறிஸ்துவின் உடல்" என்று அப்பத்தை நீட்டினார் சாமியார்.

மற்ற பிள்ளைகள் பதிலை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார்கள். என் மகள் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி, "ஆமென்!" என்றாள்.

கோயிலே திரும்பிப் பார்த்தது. வழக்கமாக நான் தலையைக் குனிந்துகொள்வேன். அன்றைக்குக் குனியவில்லை.

அருள்ஜோதியும் பார்த்தாள்.

"எம்பொண்ணுதான், நல்லா பாத்துக்க" என்றேன்.